அந்தக் கை தானே செய்யட்டும்

பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் எங்களிடம் மிகுதியாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டாக்டர், கை எப்போது வரும்?" கேட்பவர் மகனாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம், சில வேளைகளில் வாய் குழறும் நோயாளியாகவே இருக்கலாம். ஒரு தேதியைச் சொல்லிவிட்டால் அவர்கள் நிம்மதியாக வீடு திரும்புவார்கள் என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் அந்தத் தேதியை எங்களால் சொல்ல இயலாது. காய்ச்சல் தணிவதைப் போலவோ, முறிந்த எலும்பு கூடுவதைப் போலவோ, நாட்கள் கழிவதனால் மட்டுமே முழுமையாக நிகழ்ந்துவிடக் கூடியதன்று கையின் அசைவு. முதல் சில வாரங்களில் வீக்கம் வடிந்து, இரத்த ஓட்டம் சீராகி, ஓரளவு இயக்கம் தானாகவே மீளும். அதற்கு மேல் வருவதில் பெரும்பகுதி கற்றலால் வருவது. அறுபது வயதில் ஒருவர் டம்ளரைப் பிடிப்பதை, பொத்தான் போடுவதை, படியேறுவதை இரண்டாம் முறையாகக் கற்றுக்கொள்கிறார்.

கற்றல் என்று கொண்டால் கேள்வியும் மாறுகிறது. "எப்போது வரும்?" என்பதைவிட, "இன்று எத்தனை முறை செய்தோம்?" என்று கேட்பதே பயனுள்ளதாகிறது. அந்த எண்ணிக்கையைப் பற்றியும், அதற்கு வேண்டிய பொறுமையைப் பற்றியும், அந்தப் பொறுமை நோயாளிக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பற்றியும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகிறோம்.

குழந்தை நடை பயில எத்தனை அடிகள்?

நாம் அனைவரும் ஒரு காலத்தில் நடக்கத் தெரியாதவர்களாக இருந்தவர்களே. எப்படிக் கற்றோம் என்பது நமக்கு நினைவில்லை. அமெரிக்காவின் நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் அடால்ஃப் என்னும் உளவியல் ஆய்வாளரின் குழு, நடை பழகும் குழந்தைகள் விளையாடுவதைப் படமெடுத்து, அவர்கள் வைத்த ஒவ்வோர் அடியையும் எண்ணியது. 2012இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஒரு வயது முதல் ஒன்றரை வயதுக்குச் சற்று மேற்பட்ட வயது வரையிலான குழந்தைகள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் எடுத்துவைத்தனர். 17 முறை விழுந்தனர். விழுந்த குழந்தையை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? "ஒன்றுமில்லை, எழுந்திரு" என்று சொல்கிறோம். பதினேழாம் முறை விழுந்ததற்காக, "இதற்கு இனி நடை வராது" என்று எவரும் முடிவு கட்டுவதில்லை.

இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய மற்றோர் எண்ணிக்கையும் உண்டு. கேத்தரின் லாங் என்பவரின் தலைமையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள மறுவாழ்வு மையங்களில் 312 சிகிச்சை அமர்வுகள் கவனிக்கப்பட்டன. 2009இல் வெளியான அந்த ஆய்வில், கைக்கான செயல்முறைப் பயிற்சி அளிக்கப்பட்ட அமர்வுகளில், நோயாளி ஒரு பயனுள்ள செயலைச் செய்துபார்த்தது சராசரியாக 32 முறை மட்டுமே. மணிக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அடிகள் எடுத்து நடை பயிலும் மூளை, முப்பத்திரண்டு முறையில் டம்ளரைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு பொருந்தும்? நல்ல வசதிகள் உள்ள இடங்களிலேயே நிலைமை அதுவாயின், மருத்துவமனைக்கு வாரம் இரண்டு நாள் வந்து போவதை மட்டும் நம்பியிருப்பது போதாது என்பது தெளிவு. மீதிப் பயிற்சி வீட்டில்தான் நடைபெற வேண்டும். சமையலறையிலும் முற்றத்திலும் கட்டிலின் ஓரத்திலும் நடைபெற வேண்டும்.

மூளையில் நிகழ்வது என்ன?

இரத்த ஓட்டம் தடைபட்டு இறந்துபோன நரம்பணுக்கள் மீண்டும் உயிர்பெறுவதில்லை. ஆனால் அந்தப் பகுதியைச் சுற்றியுள்ள அணுக்கள் உயிரோடுள்ளன. அவை புதிய இணைப்புகளை உருவாக்கி, இறந்தவற்றின் வேலையில் ஒரு பகுதியை ஏற்க வல்லவை. ஊரில் பாலம் இடிந்துவிட்டால் மக்கள் வயல் வரப்பில் நடந்து நடந்து ஓர் ஒற்றையடிப் பாதையை உண்டாக்குவதில்லையா? அதுபோன்றதே இதுவும். நடப்பவர் இல்லையென்றால் அந்தப் பாதையில் மீண்டும் புல் மூடிவிடும்.

இது வெறும் உவமையன்று. ராண்டால்ஃப் நூடோ என்னும் அறிவியலாளர் அணில் குரங்குகளைக் கொண்டு செய்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. அக்குரங்குகளின் மூளையில் கையை இயக்கும் பகுதியில் சிறிய சேதம் ஏற்படுத்தப்பட்டது. பயிற்சி அளிக்கப்படாத குரங்குகளில், சேதமடையாத அண்டைப் பகுதியும் கைக்கான தன் பணியைச் சிறிது சிறிதாக இழந்தது. சிறு குழிகளிலிருந்து உணவுத் துணுக்குகளை விரலால் எடுக்கும் பயிற்சியை அன்றாடம் பெற்ற குரங்குகளில், அந்த அண்டைப் பகுதி காப்பாற்றப்பட்டது. சிலவற்றில் கைக்கு உரிய இடம் விரிவும் அடைந்தது. ஆகவே, பயிற்சியை விட்டுவிட்டால் கை இருந்த நிலையிலேயே நிற்கும் என்று எண்ணுதல் தவறு. அது பின்னோக்கியும் செல்லக்கூடும்.

அதே ஆய்வுக் குழுவினர் பின்னர் மற்றொன்றையும் கண்டனர். சேதமில்லாத குரங்குகளுக்குப் பெரிய குழியிலிருந்து எளிதாக உணவை எடுக்கும் வேலையைக் கொடுத்தபோது, ஆயிரக்கணக்கான முறை செய்தும் மூளையின் வரைபடத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. முன்பே தெரிந்ததைத் திரும்பச் செய்வதால் மூளை மாறுவதில்லை. சற்றே கடினமானதை முயன்று, தவறி, மீண்டும் முயலும்போதுதான் மாறுகிறது. வலுவிழந்த கையால் மென்பந்தை அழுத்திக்கொண்டே தொலைக்காட்சி பார்ப்பவர்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

நினைவில் இல்லாவிடினும் கை அறியும்

"நேற்றுச் சொல்லிக் கொடுத்ததையே இன்று மறந்துவிடுகிறார். இவருக்குப் பயிற்சி கொடுத்து என்ன பயன்?" என்று சில குடும்பத்தார் கேட்பதுண்டு. அவர்களுக்கு நாங்கள் ஒரு நிகழ்வைக் கூறுவோம். ஹென்றி மொலைசன் என்னும் அமெரிக்கருக்கு, வலிப்பு நோயைக் கட்டுப்படுத்துவதற்காக 1953இல் மூளையில் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. அதன் பின் அவரால் புதிதாக எதையும் நினைவில் நிறுத்த முடியாமற்போயிற்று. பிரெண்டா மில்னர் என்னும் உளவியலாளர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். தன் கையையும் காகிதத்தையும் கண்ணாடியில் மட்டுமே பார்த்துக்கொண்டு, ஒரு நட்சத்திர வடிவத்தின் இரு கோடுகளுக்கு இடையே அவர் கோடு வரைய வேண்டும். கண்ணாடியில் திசை தலைகீழாகத் தெரிவதால் யாருக்கும் முதலில் கை தடுமாறும். மூன்று நாள் பயிற்சியில் மொலைசனின் பிழைகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அந்த வேலையை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை.

செய்திகளை நினைவில் வைக்கும் மூளைப்பகுதியும் அசைவுகளைக் கற்கும் மூளைப்பகுதியும் வெவ்வேறானவை என்பதை அந்த ஆய்வு உணர்த்திற்று. எனவே மறதியுள்ள பெரியவர்களும் பயிற்சியால் பயனடைய முடியும். அவர்களிடம் "நேற்று என்ன செய்தோம், சொல்லுங்கள்" என்று கேட்டுச் சோதிப்பதைத் தவிர்த்து, அதே நாற்காலியில், அதே நேரத்தில் மீண்டும் எழுந்து நிற்கச் செய்யுங்கள். நாளடைவில் வேறுபாடு தெரியும்.

பயன்படாத கை மறக்கப்படும்

வலக் கை வலுவிழந்தவர் முதல் வாரத்தில் அந்தக் கையால் டம்ளரை எடுக்க முயல்கிறார். நீர் சிந்துகிறது. இரண்டாம் முறை டம்ளர் உருண்டுவிடுகிறது. மூன்றாம் முறை இடக் கை தானாகவே முந்திக்கொள்கிறது; வேலை முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு நாளும் மூளை கற்றுக்கொள்ளும் பாடம், "வலக் கையை நம்பாதே" என்பது. சில வாரங்களில் வலக் கையில் ஓரளவு வலிமை திரும்பியிருந்தாலும், அதனைப் பயன்படுத்தும் எண்ணமே எழுவதில்லை. இதனை நாங்கள் 'கற்றுக்கொண்ட பயன்பாடின்மை' என்கிறோம். எட்வர்ட் டவுப் என்னும் ஆய்வாளர் முதலில் குரங்குகளிடமும் பின்னர் மனிதர்களிடமும் இதனை விரிவாக ஆராய்ந்தார். நல்ல கைக்குக் கையுறை மாட்டி, வலுவிழந்த கையை வேலை செய்யத் தூண்டும் சிகிச்சை முறை அவருடைய ஆய்வுகளிலிருந்து பிறந்தது.

அந்தச் சிகிச்சை, பக்கவாதம் ஏற்பட்டு மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆன 222 பேரைக் கொண்டு அமெரிக்காவில் சோதிக்கப்பட்டது. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கையில் கையுறையுடன் இருந்து, வலுவிழந்த கைக்குச் செறிவான பயிற்சி பெறுவது. காலம் இரண்டே வாரங்கள். வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களைவிட அவர்கள் அதிக முன்னேற்றம் கண்டனர் என்றும், ஓராண்டு கழிந்த பின்னும் அந்தப் பயன் நிலைத்திருந்தது என்றும் 2006இல் வெளியான முடிவுகள் தெரிவித்தன. மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதேனும் நிமிர்த்த முடிந்தவர்களுக்கே இம்முறை பொருந்தும் என்பதைக் கவனத்தில் கொள்ளவும். நிலை தடுமாறுபவர்கள் நல்ல கையைக் கட்டிக்கொண்டு நடந்தால் விழும்போது பற்றிக்கொள்ள வழியிராது. ஆகவே மருத்துவர் ஆலோசனையின்றி வீட்டில் இதனை முயல வேண்டா.

இங்கே குடும்பத்தாரிடம் நேரடியாகப் பேச வேண்டியுள்ளது. வலுவிழந்த கையை மறக்கச் செய்வது நோயாளியின் நல்ல கை மட்டுமன்று. சில வீடுகளில் மகளின் கை, மனைவியின் கை, மருமகளின் கை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. சோறு ஊட்டுகிறார்கள், சட்டை மாட்டுகிறார்கள், தலை வாருகிறார்கள், செருப்பைக் கொண்டுவந்து காலில் இடுகிறார்கள். அதன் பின்னே இருப்பது அன்பே என்பதில் ஐயமில்லை. காலை ஏழரை மணிக்குப் பள்ளிக்குப் பிள்ளையையும் அலுவலகத்துக்குத் தன்னையும் ஆயத்தப்படுத்திக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, தந்தை ஒரு பொத்தானுக்கு நான்கு நிமிடம் எடுத்துக்கொள்வதைப் பார்த்து நிற்பது எளிதன்று. ஆனால் அந்த நான்கு நிமிடமே சிகிச்சை. நாம் விரைந்து போட்டுவிடும் ஒவ்வொரு பொத்தானும், அந்தக் கைக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு பயிற்சியைப் பறித்துக்கொள்கிறது.

பூக்கட்டும் ஓர் அம்மையார்

அடையாளம் தெரியாத வகையில் ஒருவரைப் பற்றிக் கூறுகிறோம். கோயில் வாசலில் பூக்கடை வைத்திருந்த 54 வயது அம்மையார் அவர். வலப்பக்கம் பாதிக்கப்பட்டு எங்களிடம் வந்தார். நடை விரைவில் தேறியது, விரல்கள் தேறவில்லை. பூக்கட்டுவது இரு கைகளின் வேலை. ஒரு கை பூக்களை அடுக்கிப் பிடிக்க, மறு கை நாரைச் சுற்றி முடிச்சிட வேண்டும். முப்பது ஆண்டுகளாகப் பேசிக்கொண்டே, பாராமலே செய்த வேலை அது. இப்போது நார் விரலிடுக்கில் நில்லாமல் நழுவியது. மகள் அருகிலிருந்து, "விடும்மா, நான் கட்டுறேன்" என்று வாங்கிக்கொள்வார். அம்மையார் கையை மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்.

பந்தை அழுத்துவதை நிறுத்தச் சொல்லி, பூவையே பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் ஆக்குபேஷனல் தெரபி பிரிவினர் கூறினர். மல்லிகை மொட்டு சிறியது. ஆகவே சாமந்தியில் தொடங்கினர். வழுக்கும் வாழைநாருக்குப் பதில் முதலில் தடித்த பருத்தி நூல். காலையில் பத்து முடிச்சு, மதியம் பத்து, மாலையில் பத்து. முடிச்சு அவிழ்ந்தாலும் அதுவும் ஒன்றாகவே எண்ணப்பட்டது. மகளுக்கும் ஒரு வேலை தரப்பட்டது: எதிரே உட்கார்ந்து, தன் இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, எண்ணுவது. முதல் வாரத்தில் தமக்கு அதுவே மிகக் கடினமாக இருந்தது என்று அந்த மகள் எங்களிடம் கூறினார்.

இரண்டாம் மாதம் பத்து முப்பதாயிற்று. பின்னர் நூல் போய் நார் வந்தது. சாமந்தி போய்க் கனகாம்பரமும் மல்லிகையும் வந்தன. ஏழு மாதங்களுக்குப் பிறகு, முன்பு நான்கு முழம் கட்டும் நேரத்தில் அவர் ஒரு முழம் கட்டுகிறார். பழைய வேகம் திரும்பவில்லை; திரும்பும் என்று நாங்கள் உறுதி கூறவுமில்லை. ஆனால் அவர் மீண்டும் கடையில் உட்காருகிறார். தாம் கட்டிய பூவைத் தாமே அளந்து கொடுக்கிறார். இட்லியைப் பிட்டுத் தாமே உண்கிறார்.

பயிற்சியை அமைப்பது எப்படி?

கீழ்க்கண்டவை பொதுவான வழிகாட்டுதல்கள். உங்கள் நிலைக்கேற்ற அளவை இயன்முறை சிகிச்சையாளர் வகுத்துத் தருவார்.

முதலாவதாக, வாழ்க்கைக்குத் தேவையான ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள். "கையை உயர்த்துங்கள்" என்பதைவிட, "அலமாரியின் இரண்டாம் தட்டில் உள்ள டம்ளரை எடுத்து மேசையில் வையுங்கள்" என்பது மேலானது. துவைத்த துணியை மடித்தல், பல்லாங்குழியில் சோழியோ புளியங்கொட்டையோ போடுதல், கீரை ஆய்தல், நாணயங்களை உண்டியலில் இடுதல் ஆகியவை அனைத்தும் நல்ல பயிற்சிகளே. இவற்றுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை.

இரண்டாவதாக, எண்ணுங்கள். தினசரி நாட்காட்டியில் கிழிக்கும் தாளின் பின்புறம் அன்றைய எண்ணிக்கையை எழுதி வைத்தால் போதும். "நேற்று 40, இன்று 55" என்று கண்ணால் காண்பது, மனச்சோர்வுற்ற நாட்களில் பெரிய துணையாகும். முன்னர்க் குறிப்பிட்ட லாங் குழுவினர், ஒரு மணி நேரப் பயிற்சியில் 300க்கும் மேற்பட்ட முறைகள் செய்விக்க இயலும் என்று 2010இல் காட்டினர். ஆனால் அவர்களே 2016இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், பக்கவாதம் ஏற்பட்டு ஆறு மாதங்களுக்கு மேலானவர்களுக்கு 3,200, 6,400, 9,600 என்று வெவ்வேறு அளவுகளில் பயிற்சி அளித்தபோது, எண்ணிக்கை கூடக் கூடப் பயனும் கூடியதாகத் தெரியவில்லை. எண்ணிக்கை இன்றியமையாதது, எனினும் எண்ணிக்கை மட்டுமே போதாது. எப்படிச் செய்கிறோம் என்பதும் உண்டு.

மூன்றாவதாக, கடினத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். பத்து முறை முயன்றால் ஆறேழு முறை கைகூட வேண்டும். பத்தும் கைகூடினால் பயிற்சி எளிதாகிவிட்டது என்று பொருள். டம்ளரில் கால்பங்கு நீர் ஊற்றுங்கள், பின்னர் அரைப்பங்கு. இரண்டே முறைதான் கைகூடுகிறதென்றால் ஒரு படி இறங்குங்கள்.

நான்காவதாக, சற்றே மாற்றி மாற்றிச் செய்யுங்கள். 1920களில் மாஸ்கோவில் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் என்பவர், தேர்ந்த தொழிலாளர்கள் சம்மட்டியால் உளியை அடிப்பதை வேகமாகப் படமெடுத்து ஆராய்ந்தார். சம்மட்டி ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுந்தது; ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வோர் அடியிலும் சற்றே வேறுவிதமாக அசைந்தன. தேர்ச்சி என்பது ஒரே அசைவை அச்சுப்போல் மீண்டும் செய்வதன்று, ஒரே காரியத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்ப்பது என்பதே அவர் கண்ட உண்மை. ஆகவே ஒரு நாள் எவர்சில்வர் டம்ளர், மறுநாள் சொம்பு. ஒரு நாள் உட்கார்ந்து, மறுநாள் நின்று. மாற்றிச் செய்யும்போது அன்றைக்குத் தடுமாற்றம் மிகுதியாகத் தெரியலாம். ஆயினும் கற்றது நெடுநாள் நிற்கும்.

ஐந்தாவதாக, நாளில் பகிர்ந்து செய்யுங்கள். ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்தைவிட, காலை, மதியம், மாலை என இருபது நிமிடங்கள் செய்வது பெரும்பாலோருக்கு எளிது. இடையில் கிடைக்கும் ஓய்விலும் இரவு உறக்கத்திலும் மூளை கற்றதை உறுதிப்படுத்திக்கொள்கிறது.

ஆறாவதாக, ஒவ்வொரு முயற்சிக்கும் திருத்தம் சொல்லாதீர்கள். "தோளைத் தூக்காதீங்க, விரலை விரிங்க, இந்தப் பக்கம் பாருங்க" என்று ஒரே நேரத்தில் மூன்று கட்டளைகள் வந்தால் நோயாளி எதையும் செய்ய இயலாது. ஐந்தாறு முயற்சிகளுக்குப் பின் ஒரே ஒரு குறிப்பைச் சொல்லுங்கள். தவறு எங்கே என்பதை அவரே கண்டறிய இடம் கொடுங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்?

பயிற்சி நல்லது என்பதால் எப்போதும் எவ்வளவும் செய்யலாம் என்று பொருளாகாது. பக்கவாதம் ஏற்பட்ட 24 மணி நேரத்துக்குள்ளாகவே படுக்கையிலிருந்து எழுப்பி, அடிக்கடியும் அதிகமாகவும் பயிற்சி கொடுத்தால் என்னவாகும் என்று 2,104 நோயாளிகளிடம் ஆராய்ந்தனர். 2015இல் வெளியான அதன் முடிவின்படி, அவ்வாறு செய்யப்பட்டவர்களில் மூன்று மாதங்களுக்குப் பின் நல்ல நிலையில் இருந்தோர், வழக்கமான கவனிப்புப் பெற்றோரைவிடக் குறைவாகவே இருந்தனர். முதல் நாளில் நாங்கள் "பொறுங்கள்" என்று சொல்வதன் காரணம் இதுவே.

பயிற்சியின்போது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல், புதிதாக ஏற்படும் பேச்சுக் குழறல் அல்லது பலவீனம் தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவமனையை அணுகுங்கள். வலுவிழந்த கையைப் பிடித்து இழுத்து நோயாளியைத் தூக்கவே கூடாது, தோள்மூட்டு பிசகக்கூடும். கயிறும் கப்பியும் கட்டிக் கையைத் தலைக்கு மேல் இழுக்கும் பயிற்சியும் தோள்வலியை உண்டாக்கக்கூடும், தவிர்த்துவிடுங்கள். தசைச் சோர்வு இயல்பு. மறுநாளும் நீடிக்கும் வலி இயல்பன்று.

முன்னேற்றம் நின்றுவிட்டதாகத் தோன்றும்போது

"மூன்று மாதத்துக்குள் வந்தால்தான் வந்தது" என்னும் பேச்சு ஊரில் உண்டு. அதில் ஒரு பாதி உண்மை: முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் மிக விரைவாக இருக்கும். மறு பாதி தவறு: அதன் பின் கதவு அடைபட்டுவிடுவதில்லை. லண்டன் குயீன் ஸ்கொயர் மருத்துவமனையில், பக்கவாதம் ஏற்பட்டுப் பல மாதங்கள் கடந்தவர்களுக்கு மூன்று வாரங்களில் 90 மணி நேரம் கைப்பயிற்சி அளிக்கின்றனர். 2019இல் அவர்கள் வெளியிட்ட 224 பேரின் விவரங்களில், பாதிப் பேருக்குப் பக்கவாதம் ஏற்பட்டு ஒன்றரை ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. அவர்களிலும் பெரும்பாலோர் முன்னேறினர். ஆறு மாதங்களுக்குப் பின்னும் அம்முன்னேற்றம் நிலைத்தது.

எந்தத் திறனைக் கற்கும்போதும் தொடக்கத்தில் ஏற்றம் செங்குத்தாக இருக்கும். பின்னர்ச் சரிவு குறைந்து, சமதளம்போல் தோன்றும். சைக்கிள் கற்ற எவருக்கும் இது தெரியும். அந்தக் கட்டத்தில் ஒரு நாளை மறுநாளோடு ஒப்பிடாமல், ஒரு மாதத்தை மறுமாதத்தோடு ஒப்பிடுங்கள். நாட்காட்டித் தாள்கள் அப்போது உதவும்.

எல்லாருடைய கையும் முழுமையாகத் திரும்பும் என்று நாங்கள் சொல்வதற்கில்லை. சேதம் பெரியதாக இருந்து, பல வாரங்களாகியும் விரல்களில் சிறிதும் அசைவு தோன்றாதவர்களுக்கு, நுண்ணிய வேலைகள் திரும்புவது அரிது. அவர்களுக்கு இலக்கு வேறாகும்: கை இறுகாமல் காத்தல், துணியை அழுத்திப் பிடிக்கும் அளவுக்கேனும் அதனைப் பழக்குதல், மற்றக் கையைத் திறம்படப் பயிற்றுதல். அதற்கும் இதே பொறுமையும் இதே எண்ணிக்கையும் வேண்டும்.

சிலர் பயிற்சியே வேண்டாமென்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வர். அதனைச் சோம்பல் என்று கடிந்துகொள்ள வேண்டா. பக்கவாதத்துக்குப் பின் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் ஏற்படுகிறது. அதற்கு மருத்துவம் உண்டு. எங்களிடம் சொல்லுங்கள்.

குடும்பத்தாருக்கு

இவ்வளவு சொன்னதனால், எல்லாப் பொறுப்பும் உங்கள் தோளில்தான் என்று எண்ணிவிடாதீர்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வில், குடும்பத்தாருக்குப் பயிற்சி அளித்து அவர்கள் வாயிலாக வீட்டிலேயே மறுவாழ்வுச் சிகிச்சை தரப்பட்டது. வழக்கமான கவனிப்பைவிட அதனால் கூடுதல் பயன் கிடைத்ததாகத் தெரியவில்லை என்று 2017இல் முடிவுகள் வெளியாயின. குடும்பத்தின் அன்பு, தேர்ந்த சிகிச்சையாளருக்கு மாற்று ஆகாது என்பதே நாங்கள் அதிலிருந்து கொள்ளும் பாடம். எந்தப் பயிற்சி, எந்த அளவு, எப்போது கடினமாக்குவது என்பதைத் தீர்மானிப்பது எங்கள் பணி. நேரம் தருவதும் காத்திருப்பதும் உங்களால் மட்டுமே ஆவது.

எல்லா வேளையும் காத்திருக்க முடியாது என்பதையும் அறிவோம். காலை அவசரத்தில் சட்டையை நீங்களே மாட்டிவிடுங்கள், தவறில்லை. ஆனால் ஒரு நாளில் ஒரு செயலையேனும், மாலைக் காப்பியையோ இரவு உணவையோ, அந்தக் கைக்கே ஒதுக்கிவையுங்கள். சிந்தினால் துடைக்க ஒரு துணியை அருகில் வையுங்கள். உதவி கேட்கும் வரை உங்கள் கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிகளும் ஒன்று செய்யலாம்: "நானே செய்கிறேன், கொஞ்சம் பொறு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டாருக்கு அது தெரிந்தால்தான் அவர்கள் பொறுப்பார்கள்.

அடுத்த முறை வெளிநோயாளர் பிரிவுக்கு வரும்போது, ஸ்கேன் படங்களோடும் மாத்திரைச் சீட்டோடும் அந்த நாட்காட்டித் தாள்களையும் கொண்டுவாருங்கள். "கை எப்போது வரும்?" என்ற கேள்விக்கு எங்களால் தேதி சொல்ல இயலாவிடினும், அந்த எண்களைப் பார்த்து, அடுத்த மாதம் எதை முயலலாம் என்பதை உங்களோடு அமர்ந்து திட்டமிட முடியும்.